குளிர்காலத்தில் பாய்மரப் படகில் தனியாகத் தெற்கே: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம், வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரைக்கும் ஆறு, உப்பங்கழி, வெட்டிய கால்வாய் என்று மாறி மாறி சுமார் 1,090 மைல் போகிறது இண்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. பெரும்பாலானவர்கள் அக்டோபர், நவம்பரிலேயே கிளம்பிவிடுவார்கள். அதற்கும் பிந்தி, துணைக்கு ஆள் இல்லாமல் போக நினைப்பவர்களின் கேள்விகள்தான் இங்கே அதிகம்.

அண்ணா, என்னுடையது 30 அடிப் படகு, எஞ்சினில் ஐந்தரை நாட் (மணிக்குச் சுமார் 6.3 மைல்) வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம்?

கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் 50 மைல். ஆனால் டிசம்பர் நடுவில் நார்ஃபோக்கில் பகல் பத்து மணி நேரம்கூட இல்லை, காலையில் மூடுபனி விலகக் காத்திருக்க வேண்டும், பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும், அப்புறம் நங்கூரம் போட்டு அது பிடித்ததா என்று பார்க்க ஒரு மணி நேர வெளிச்சமாவது கையில் இருக்க வேண்டும். 35 மைல் என்று திட்டம் போடுங்கள். தனி ஆளுக்கு முதலில் களைத்துப்போவது உடம்பு இல்லை, தீர்மானம் எடுக்கும் புத்திதான், அதுவும் குளிரில் சீக்கிரமே மந்தமாகிவிடும். "இன்னும் ஒரு பத்து மைல்தானே" என்று தோன்ற ஆரம்பித்தால் அதுவே நிறுத்த வேண்டிய நேரம்.

பாய் விரித்து ஓட்ட முடியுமா, முழுக்க எஞ்சின்தானா?

பெரும்பாலும் எஞ்சின்தான். அகலமான நேர் பகுதிகளில் முன்பாயை மட்டும் விரிக்கலாம். வட கரோலினாவில் உள்ள ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற உப்பங்கழி நல்ல திறந்த வெளி, ஆனால் ஆழம் குறைவு, காற்று ஏறினால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன் விளிம்பு) கடந்த மறுநாள் வடக்குக் காற்று பலமாக அடிக்கும்போது அதைத் தாண்டாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

சரி, இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். குளிர்நீர்ப் பயிற்சிகளில் 1-10-1 என்று ஒரு விதி சொல்லித் தருவார்கள். விழுந்ததும் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அது அடங்க 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். இதில் தனி ஆளுக்கு முக்கியமானது நடுவில் உள்ள பத்து நிமிடம், ஏனென்றால் ஆட்டோபைலட் போட்ட படகு உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் மூச்சைக் காப்பாற்றும், படகைத் திருப்பிக் கொண்டுவராது. அதனால் விழுந்த பிறகு என்ன என்பதைவிட விழாமல் இருப்பதே முழு வேலை. காக்பிட்டை (படகை ஓட்ட உட்காரும் இடத்தை) விட்டு எழும்போதெல்லாம் இடுப்புவாரைக் கொக்கியில் மாட்டுங்கள், வார் குட்டையாக இருக்கட்டும், படகின் விளிம்பைத் தாண்டி உங்களை விழவிடாத அளவுக்குக் குட்டை. தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கக்கூடிய ஏணி வேண்டும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ சட்டையிலேயே இருக்க வேண்டும், கேபினில் இருந்தால் பயனில்லை. விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கவே கூடாது, காக்பிட்டில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் வேண்டாம்.

கேபினைச் சூடாக்க சின்ன புரொப்பேன் ஹீட்டர் போதுமா சார்?

புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கக் கூடாது, எவ்வளவு குளிராக இருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் மாட்டுங்கள், ஹீட்டர் எரியும் நேரமெல்லாம் கூரைச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். புரொப்பேன் எரியும்போது நீராவியும் வரும், அது உட்கூரையில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழும். பணம் இருந்தால் புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் போடுங்கள், இந்தப் பயணத்துக்கு நான் முதலில் செலவு செய்யச் சொல்வது அதற்குத்தான்.

நார்ஃபோக்கை விட்டதும் பாதை இரண்டாகப் பிரிகிறதே, டிஸ்மல் ஸ்வாம்ப் வழியா, கிரேட் பிரிட்ஜ் வழியா?

டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் 1805-இல் திறந்தது, இரண்டு பக்கமும் காடு, அவ்வளவு அழகு. ஆனால் ஆழம் ஆறடிதான், மிதக்கும் கட்டைகள் உண்டு, நன்னீர் என்பதால் கடுங்குளிரில் மேலே ஐஸ் படியும். கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் பகுதி) ஐந்தடி ஆழத்தைத் தொட்டால் கிரேட் பிரிட்ஜ் வழியாகவே போங்கள்.

ஜார்ஜியாவில் நங்கூரம் இழுத்துக்கொண்டு போகும் என்கிறார்களே?

நங்கூரத்தைக் குறை சொல்ல முடியாது, சங்கிலிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஓதத்தில் கடல் நீர்மட்டம் 7, 8 அடி ஏறி இறங்கும். வற்றத்தில் 10 அடி ஆழம் பார்த்து, அதைப்போல ஐந்து மடங்கு என்று 50 அடி சங்கிலி விட்டுத் தூங்கினால் நடுராத்திரியில் மாட்டிக்கொள்வீர்கள். 10 அடியோடு ஓதம் 8, படகின் முன்பக்க உயரம் 4, ஆக 22. ஐந்து மடங்கு என்றால் 110 அடி. காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, 154 அடி. இரவில் நீரோட்டம் திசை மாறும்போது படகும் சுற்றும், அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் க்ரீக் மாதிரி ஆழமற்ற இடங்களை ஓதம் பாதி ஏறி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது கடந்துவிடுங்கள். தரை தட்டினாலும் ஏறும் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும் தண்ணீரில் தட்டினால், குளிரில் ஆறேழு மணி நேரம் சாய்ந்த படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாய்மரம் 62 அடி. பாலங்களில் இடிக்குமா?

திறக்காத நிலையான பாலங்களின் அடியில் பொதுவாக 65 அடி உயரம் இருக்கும். மயாமியின் ஜூலியா டட்டில் மட்டும் 56, அதற்கு முன்பே கடலுக்கு வெளியேறிவிடுங்கள். ஆன்டெனாவையும் சேர்த்து அளந்தீர்களா? திறக்கும் பாலங்களை வர்ஜீனியா, வட கரோலினாவில் விஎச்எஃப் சேனல் 13-இல் கூப்பிடுங்கள், தெற்கே போனால் சேனல் 9.

சாப்பாடு?

காலையிலேயே பிரஷர் குக்கரில் கஞ்சியோ பருப்புச் சாதமோ வைத்துவிடுங்கள், மூடி பூட்டியிருப்பதால் படகு ஆடினாலும் கொட்டாது. ரசம் ஃபிளாஸ்க்கில், கைக்கெட்டும் இடத்தில். பசி எடுக்கும் முன்பே சாப்பிடுங்கள்.

காலையில் தளம் முழுக்க உறைபனி, வழுக்குகிறது. அப்புறம் என் பேட்டரி லித்தியம், பிரச்சினை வருமா?

உப்புத் தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் ஒரு வாளி மொண்டு ஊற்றுங்கள், உறைபனி கரைந்துவிடும். நன்னீர்க் கால்வாயில் இது வேண்டாம், ஊற்றியதே உறைந்துவிடும், வெயில் படும்வரை காத்திருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல்கள் கெட்டுப்போகும். பேட்டரி இருக்கும் பெட்டியில் ஒரு வெப்பமானி வையுங்கள், எஞ்சின் ஓடினால் பேட்டரி சார்ஜ் ஆகும், அதனால் காலையில் அதைத் தட்டும் முன் வெப்பமானியைப் பாருங்கள்.