சொல்வதை எழுதுபவர்

அன்புள்ள ஐயா,

இரண்டாண்டுகளாக விடுமுறை நாட்களில் முதியோர் இல்லமொன்றில் ஊதியமின்றி வேலை செய்துவருகிறேன். “அதில் உனக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது, அதனால் செய்கிறாய், அதைச் சேவை என்று சொல்லிக்கொள்ளாதே” என்கிறார் என் அண்ணன். மறுக்கத் தெரியவில்லை. அதன்பின் அங்கே போகவே கூச்சமாக இருக்கிறது. கூலியில்லாத வேலையை மனிதர்கள் ஏன் தேடிப்போகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. கொடுப்பவர் பெறுபவரின் நன்மைக்காக மட்டுமன்றி, கொடுப்பதனால் தன்னுள் பிறக்கும் இதத்துக்காகவும் கொடுக்கிறார் என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல் எழுதினார். ஆனால் இதம் கிடைக்கிறது, ஆகவே அது சேவையல்ல என்று உங்கள் அண்ணன் தாவும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. குழந்தைக்குச் சோறூட்டும் தாய்க்கும் மகிழ்ச்சி உண்டு. நிறைவது குழந்தையின் வயிறுதான்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணையிருந்த தன்னார்வலர்களைத் தொடர்ந்து கவனித்த ஆலன் ஒமோட்டோ, மார்க் ஸ்னைடர் என்ற உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கற்றுக்கொள்ளவேண்டும், தன்னை வளர்த்துக்கொள்ளவேண்டும், தன்மதிப்பு கூடவேண்டும் என்பன போன்ற தன்னலம் சார்ந்த காரணங்களை வலுவாகக் கொண்டிருந்தவர்களே நெடுங்காலம் நிலைத்தார்கள் என்று கண்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. தூய தியாகமாக மட்டும் எண்ணி வருபவர் சீக்கிரம் களைத்துவிடுகிறார். சில சமயம் நன்றியையும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

சரி, பணம் கொடுத்தால் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்வார்களா? யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சென்று நன்கொடை திரட்டினார்கள். ஒரு குழுவினருக்கு எதுவும் இல்லை. இன்னொரு குழுவினருக்குத் திரட்டியதில் 1 விழுக்காடும் மூன்றாம் குழுவினருக்கு 10 விழுக்காடும் ஆய்வாளர்களின் கையிலிருந்து தரப்படும் என்றார்கள். அதிகம் திரட்டியவர்கள் ஒன்றும் பெறாதவர்கள். மிகக் குறைவாகத் திரட்டியவர்கள் 1 விழுக்காட்டுக்காரர்கள். கூலி என்று ஒன்று வந்ததுமே ‘இவ்வளவுக்கு இவ்வளவு’ என்ற கணக்கும் உடன் வந்துவிடுகிறது.

நான் சில ஆண்டுகள் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் சொல்வதை அப்படியே எழுதவேண்டும் என்பதுதான் விதி. ஒருமுறை ஒரு மாணவி ஒரு கணக்கில் கூட்டவேண்டிய இடத்தில் கழித்துச் சொன்னார். தவறென்று எனக்குத் தெரிந்தது. பேனா ஒரு கணம் நின்றது. அந்த நிற்றலே ஒரு குறிப்பாகிவிடும் என்று உறைத்ததும் எழுதிவிட்டேன். அடுத்த இரண்டு வரிகளை அவர் சொல்லச்சொல்ல, பிழை பெருகிக்கொண்டே போவதை என் கையாலேயே எழுதினேன். வெளியே வந்தபோது என்னிடம் இருந்ததை நிறைவு என்று சொல்லமுடியாது. ஆனாலும் அடுத்த தேர்வுக்குப் போனேன். அந்த மூன்று மணி நேரமும் என் கெட்டிக்காரத்தனத்துக்கு அங்கே வேலையில்லை. வேறெங்கும் எனக்கு வாய்க்காத நிலை அது. வரவேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதாலேயே, ஒவ்வொரு முறையும் நானே முடிவுசெய்து போனேன். கூலிவேலையில் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைக்கிறது.

எனவே உங்கள் நிறைவைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். வேறொரு கேள்வி மட்டும் எனக்கு இருக்கிறது. நீங்கள் அங்கே படித்துக்காட்டுகிறீர்களா, பேச்சுத்துணைக்கு இருக்கிறீர்களா, அல்லது சம்பளத்துக்கு ஆள் வைக்கவேண்டிய இரவுப்பணியைச் சேவை என்ற பெயரில் பார்க்கிறீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்றால், இல்லத்தின் நிர்வாகியிடம் பேசுங்கள். அங்கே கூச்சப்படவேண்டியவர் நீங்களல்ல.