கார்ப்பரேட் அலுவலகத்தின் நச்சுச் சூழலை உள்ளபடி காட்டிய திரைப்படம் எது?

'தி அசிஸ்டென்ட்'. 2019-ல் வந்த படம், இயக்கியவர் ஆஸ்திரேலியரான கிட்டி கிரீன். கேள்விக்குக் கீழே, "எங்கள் அலுவலகத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, ஆனாலும் காலையில் எழுந்தாலே பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வேறு எந்தப் படமும் நினைவுக்கு வரவில்லை.

அலுவலகக் கொடுமையைச் சொல்லும் படங்களில் பெரும்பாலும் மேலாளர் கோப்புகளை வீசி எறிவார். கதாநாயகன் ஒருநாள் பொறுமை இழந்து, எல்லோர் முன்னிலையிலும் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வெளியேறுவான். பார்க்கிற நமக்கும் மனம் ஆறும். ஆனால் அங்கே காலம் தள்ளியவர்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதில்லை. வீட்டுக் கடனையும் அடுத்த வேலைக்குத் தேவையான அனுபவச் சான்றிதழையும் நினைத்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு மறுபடி இருக்கையில் உட்காருகிறோம். இந்தப் படம் அந்த விழுங்குதலைப் பற்றியது.

கதை ஒரே நாளில் முடிகிறது. நியூயார்க்கில் ஒரு திரைப்படத் தயாரிப்பு நிறுவனம். அங்கே சேர்ந்து சில வாரங்களே ஆன உதவியாளர் ஜேன், பொழுது விடியும் முன்பே வந்து விளக்குகளைப் போடுகிறாள். காகிதங்களை அச்சிட்டு அடுக்குகிறாள். முதலாளியின் அறையில் சோபாவைத் துடைக்கிறாள், தரையில் கிடக்கும் காதணி ஒன்றை எடுத்து வைக்கிறாள். இரவில் கிளம்புகிறாள். அவ்வளவுதான். முதலாளியின் முகத்தை நாம் கடைசிவரை பார்ப்பதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தும் தொலைபேசியிலும் அவருடைய குரல் மட்டும் வருகிறது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் 2017-ல் வெளியான பிறகு, இப்படிப்பட்ட வேலைகளில் இருந்த பலரிடம் பேசி கிட்டி கிரீன் இதை எழுதினார். ஜேனாக நடித்த ஜூலியா கார்னருக்கு வசனம் மிகக் குறைவு. தொலைபேசியைக் கீழே வைத்த பிறகு அவர் அசையாமல் இருக்கும் அந்தச் சில நொடிகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

என்னை உலுக்கியது முதலாளியின் குரல் அல்ல, பக்கத்து மேசைக்காரர்கள். முதலாளி தொலைபேசியில் ஜேனைத் திட்டித் தீர்க்கிறார். அவள் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுத உட்காருகிறாள். அவளைவிட மூத்த உதவியாளர்கள் இருவர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட வேண்டும், எப்படி நன்றி சொல்ல வேண்டும், இனி இப்படி நடக்காது என்று எப்படி முடிக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் குரலில் வன்மம் துளியும் இல்லை. பல முறை எழுதிக் கைபழகிய கடிதம் அது. படத்தில் இந்தக் காட்சி இரண்டு முறை வருகிறது. பிறகு முதலாளியிடமிருந்து, உன்னைப் பெரிய ஆளாக்கத்தான் கண்டிப்பாக இருக்கிறேன் என்ற பொருளில் பதில் வருகிறது.

அந்த இருவரில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். வாராந்திரக் கூட்டத்தில் அவர் பேசத் தொடங்கியதும் துறைத் தலைவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பார். அவர் முடிப்பதற்குள் "சரி, அடுத்தவர்" என்பார். இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, காலை ஒன்பது மணிக்கு ஏன் பதில் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒரு மாலை அந்தப் பெண் என்னிடம் வந்து, "சார், என்னால் முடியவில்லை" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் அப்படித்தான். உங்களை வளர்த்துவிடத்தான் இப்படிச் செய்கிறார். ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், அடங்கிவிடுவார்." பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திருத்தியும் கொடுத்தேன். 'தவறு நடந்திருக்கலாம்' என்று அவர் எழுதியிருந்ததை 'தவறு முழுவதும் என்னுடையது' என்று மாற்றியது நான்தான். நான்கு மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். விடைபெறும்போது, "உங்கள் உதவிக்கு நன்றி" என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தார். படம் பார்க்கும்வரை அதை நானும் உதவி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வுக்கு ஒரு வரையறை கொடுத்தது. அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்று சொன்னது. மூன்று அடையாளங்கள்: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எதிலும் நம்பிக்கை இழத்தல், திறன் குறைதல். முதலாவதை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். இரண்டாவது வெளியிலிருந்து பார்த்தால் அனுபவ முதிர்ச்சிபோலத் தெரிகிறது. ஜேனின் பின்னால் நின்ற இருவரிடமும், என்னிடமும் இருந்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மனிதவளத் துறைக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வேலைக்கு அழைத்துவரப்பட்ட ஓர் இளம்பெண்ணை முதலாளி விடுதியில் தங்கவைத்திருக்கிறார். அவளுக்கு என்ன நேருமோ என்ற பதற்றத்தில் ஜேன் புகார் சொல்லப் போகிறாள். அந்த அதிகாரியாக மேத்யூ மக்ஃபேடியன். கனிவாகப் பேசுகிறார், குறிப்பெடுக்கிறார். பிறகு அவள் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டு, 'இதில் புகார் எங்கே இருக்கிறது?' என்ற இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். இந்த இருக்கைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் நினைவூட்டுகிறார். கடைசியில், நீ கவலைப்பட வேண்டாம், அவருக்குப் பிடிக்கிற மாதிரியான பெண் நீ இல்லை என்கிறார். அப்படியென்றால் எல்லாம் அவருக்கும் தெரியும்! அவள் தன் மேசைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் இரண்டாவது மன்னிப்பு மின்னஞ்சல் எழுதப்படுகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு படம் உண்டு: 2014-ல் டார்டென் சகோதரர்கள் எடுத்த 'டூ டேஸ், ஒன் நைட்'. சாண்ட்ரா என்ற தொழிலாளியை வேலையில் வைத்துக்கொள்வதா, ஆளுக்கு 1000 யூரோ போனஸ் வாங்கிக்கொள்வதா என்று அவளுடன் வேலை செய்யும் 16 பேரையே நிர்வாகம் வாக்களிக்கச் சொல்கிறது. ஒரு வார இறுதி முழுவதும் அவள் வீடு வீடாகப் போய் அவர்களைச் சந்திக்கிறாள். இங்கேயும் முடிவெடுத்த கை மறைவாக இருக்கிறது. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல வேண்டியவர்கள் சக தொழிலாளிகள். ஆனால் அவர்களில் சிலர் மனம் மாறுகிறார்கள். ஒருவர் அவளைப் பார்த்ததும் அழுதுவிடுகிறார். 'தி அசிஸ்டென்ட்' பார்த்த கனம் நெஞ்சில் இருக்கும்போது இதைப் பாருங்கள்.

வேலையை விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்த அன்றிரவே ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு மாதம் வேலை நேரத்தை எழுதி வையுங்கள், இரவில் கைபேசியில் பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்து. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். உங்கள் கணக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அதே நோட்டில், உங்களை நோகடித்தது எது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்பதையும் குறியுங்கள். ஜேனிடம் இருந்தது ஒரு காதணியும் ஒரு சந்தேகமும்தான். அந்த அதிகாரி அதைச் சுலபமாகக் கலைத்துவிட்டார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை, பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் வரையறுக்கும்போது, ஒரே ஒரு முறை நடந்தாலும் கணக்கில் கொள்கிறது. மனத்துக்கு நேரும் தீங்கையும் சேர்க்கிறது. ஆகவே 'இவ்வளவு சின்ன விஷயத்தையா எழுதுவது' என்று தயங்காதீர்கள். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து உங்கள் மின்னஞ்சலைத் திருத்தித் தர முன்வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நீங்கள் முதலில் எழுதிய வாசகத்தை அழித்துவிடாமல் தனியே சேமித்து வையுங்கள்.