தவிலும் சிரிப்பும்

அன்புள்ள ஐயா,

குன்றக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர்க் கோயில் தவில்காரரைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். பிள்ளைகளின் பெயர்களைத் தவிலிலேயே வாசித்துக் காட்டினார். பஸ் கிளம்புகிற சத்தமும் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சக ஆசிரியர் ஒருவரோ, "இது வெறும் வேடிக்கை. நல்ல கீர்த்தனையைக் கேட்கவைத்தால்தான் ரசனை வளரும்" என்கிறார். அடுத்த முறை எப்படி நடத்தலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் செய்தது சரிதான். ஆறு வயதுப் பிள்ளையைக் கைகட்டி உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கீர்த்தனை கேட்கச் சொன்னால், கால் மரத்துப்போனதுதான் அதற்கு நினைவிருக்கும். கீர்த்தனை எங்கும் ஓடிவிடாது.

உங்கள் பக்கத்துக்காரர், வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதனை (1935–2008) நினைத்துப் பாருங்கள். வயலினுக்குத் துணையாகத் தவிலை உட்காரவைத்தார். கச்சேரி மேடையில் சினிமாப் பாட்டு வாசித்தார். சம்பிரதாயம் பேசுகிறவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சங்கீதம் அறியாதவர்களும் எழுந்து போகாமல் கேட்டார்கள். அத்தனை விளையாட்டுக்கும் அடியில் தேர்ந்த கை இருந்தது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டு, வாத்தியத்துக்கு உள்ளிருந்து வரவேண்டும். பெயரை வாசித்தது அப்படிப்பட்டது, அதை நீட்டலாம். பஸ் சத்தம் ஒரு தடவை போதும்.

அடுத்த முறை தவில்காரரைச் சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் சொற்கள், சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு. ஒரு வரிசை தகிட, மறு வரிசை தகதிமி. ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டே போனால் நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும், பிள்ளைகள் தடுமாறுவார்கள். சரியாகப் பன்னிரண்டாவது எண்ணிக்கையில் இரண்டு வரிசையும் சேர்ந்து முடியும். அந்த இடத்தில் அவர் தவிலில் ஓங்கி ஒரு அடி கொடுக்கட்டும். ஒரு பள்ளியில் இதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று விடவே இல்லை. இதுவும் இசைதான் என்று உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு வரிசையில் உட்காரவையுங்கள்.

வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்க்கவிடுங்கள். தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டுகிற கூடு கல்போலக் கெட்டியாக இருக்கும், அதைத் தொட்டுப் பார்க்கட்டும். நாதஸ்வரக்காரரும் வந்தால் முதலில் சீவாளியை மட்டும் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சின்ன நாணல் துண்டு கீச்சென்று கத்தும். பிறகு அதையே நாதஸ்வரத்தில் பொருத்தி ஒரு ராகத்தை எடுத்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இந்த இரண்டு வாத்தியத்துக்கும் வகுப்பறை ஆகாது, காது அடைத்துவிடும். மரத்தடிதான் சரி.

வகுப்பறைக்குள் என்றால் கடம். மானாமதுரைக் கடத்தை வித்வான்கள் தேடி வந்து வாங்குகிறார்கள், அந்த ஊர் இருப்பது நம் சிவகங்கை மாவட்டத்திலேயே. பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது ஒலி மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய், ஐந்து வரி எழுது" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து.

கலைஞரைப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடுகிற வழக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. சம்பாவனையை முன்னாலேயே பேசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் மேளக்காரர்களுக்கு வருமானம் குறைவு, பகலில் ஓய்வும் இருக்கும். அந்த மாதம் அழைத்தால் அவர்களுக்கும் உதவி. பெற்றோர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள், செட்டிநாட்டில் இதற்குக் கொடுக்க ஆள் இருப்பார்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். நானும் வருகிறேன், தகிட வரிசையில் எனக்கு ஒரு இடம் வையுங்கள்.

அன்புடன்.