அப்பா கண் திறந்து பேசும் அந்தக் காட்சி

கேள்வி: போன வாரம் ஒரு படம் பார்த்தேன். பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக அப்பா. கடைசியில் அவர் கண் திறந்து இரண்டு வார்த்தை பேசுகிறார், மூவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நானும் அழுதேன். வீட்டை விற்ற சண்டையில் நானும் அண்ணனும் பேசி ஏழு வருடம் ஆகிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கடைசி நேரத்தில் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசி நேரம் என்கிறீர்களே, படம் உங்களை ஏமாற்றியது அங்கேதான். சினிமாவில் சாகப்போகிறவர் வசனத்தை முடித்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பார். நிஜத்தில் பெரும்பாலும் கடைசி சில நாட்கள் தூக்கத்திலேயே போய்விடும். சாப்பாடு வேண்டியிருக்காது, மூச்சு வேகமாக வரும், அப்புறம் நின்றுபோன மாதிரி ஒரு இடைவெளி, நாம் எழுந்து பக்கத்தில் போவதற்குள் மறுபடி வரும். அந்த நேரத்தில் போய் நின்று "அப்பா, ஏதாவது சொல்லுங்க" என்றால் அவர் என்ன சொல்வார்?

பேச வேண்டியதை அவர் விழித்திருக்கும்போதே பேசிவிடுங்கள், அதாவது இந்த வாரமே. ஒருவேளை தாமதமாகிவிட்டாலும் பேசுங்கள். 2020-ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், கண் திறக்காத நிலையில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, அவர்களில் சிலரின் மூளை சாவுக்குச் சில மணி நேரம் முன்புகூட ஒலிக்கு அசைந்துகொடுத்தது தெரிந்தது. கேட்டது புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக் கணக்குப் பேசாமல் இருக்க அது போதும், இல்லையா?

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சமாதானம் செய்துகொள்ளப் போகாதீர்கள், வேலை செய்யப் போங்கள். என் அம்மா படுத்திருந்தபோது நானும் என் தங்கையும் பேசிக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான்: "உதடு காய்ஞ்சிருக்கு, பஞ்சை நனைச்சுக் கொடு", "இடது பக்கம் திருப்பி ரெண்டு மணி நேரமாச்சு". பழைய கதையை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை (இன்னமும் எடுக்கவில்லை, அது வேறு). ஆனால் விடியற்காலையில் அவள் டீ போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

உங்கள் அண்ணன் எத்தனை ராத்திரி சரியாகத் தூங்கவில்லையோ, உங்கள் மேல் அவருக்கு இருக்கும் கோபத்தில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம். அதனால் மன்னிப்புக் கடிதமெல்லாம் எழுத உட்காராதீர்கள். "நாளைக்கு ராத்திரி அப்பாகிட்ட நான் இருக்கேன், நீ தூங்கு" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் வராவிட்டாலும் போங்கள், இரண்டு நாளுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு.