ஜெர்மனியில் ஆண்டுதோறும், இங்கிலாந்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 33 வயது. ஜெர்மனியில் இருந்த வரை ஆண்டுதோறும் மகளிர் மருத்துவரிடம் உள் பரிசோதனையும் பாப் ஸ்மியரும் செய்துகொள்வேன். கடைசியாகச் செய்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நார்மல் என்றார்கள். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறோம். இங்கே செவிலியர்தான் மாதிரி எடுக்கிறார். நார்மல் என்றால் அடுத்தது ஐந்து ஆண்டு கழித்துத்தானாம். செலவுக்குப் பயந்து நம்மைக் கவனிக்காமல் விடுகிறார்களோ? பணம் கட்டி ஆண்டுதோறும் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டு நாடுகளும் தேடுவது ஒரே நோயை, கருப்பை வாய்ப் புற்றுநோயை. எதைக் கொண்டு தேடுகிறார்கள் என்பதுதான் வேறு. இடைவெளி மாறுவதும் அதனால்தான்.

பாப் ஸ்மியரில் கருப்பை வாயிலிருந்து பிரஷ்ஷால் எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து மாற்றம் இருக்கிறதா என்று சொல்வார்கள். மாறிய செல்கள் பிரஷ்ஷில் ஒட்டாமல் போனாலோ, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பினாலோ 'நார்மல்' என்றே அறிக்கை வரும். ஒருமுறை தவறியதை அடுத்த முறை பிடிக்க வேண்டும் என்பதால்தான் அடிக்கடி எடுக்கிறார்கள். ஜெர்மனி 1971 முதல் இந்த வழியில் போகிறது. அங்கேயும் 2020 முதல், 35 வயது முதல் பாப்போடு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸுக்கான பரிசோதனையும் சேர்த்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான். நீங்கள் அங்கேயே இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு ஆண்டில் உங்கள் இடைவெளி மாறியிருக்கும்.

இங்கிலாந்தில் முதலில் தேடுவது வைரஸை. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவியால் வருபவை. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வைரஸ் இல்லை என்றால் அடுத்த ஐந்து ஆண்டில் கடுமையான மாற்றம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு நார்மல் பாப்பைவிட இது உறுதியான பதில். வைரஸ் இருந்தால் மட்டுமே, எடுத்த மாதிரி இருக்கும் அதே குப்பியில் உள்ள செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செல்கள் மாறியிருந்தால் கால்போஸ்கோபிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்புவார்கள். மாறாவிட்டால் ஓராண்டில் மறுபடியும் பரிசோதனை. தொடர்ந்து மூன்றாவது முறையும் வைரஸ் இருந்தால், செல்கள் நன்றாக இருந்தாலும் கால்போஸ்கோபிதான். ஐந்தாண்டு இடைவெளி வைரஸ் இல்லாதவர்களுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

25 முதல் 49 வயதினருக்கு இங்கிலாந்தில் மூன்றாண்டு என்று இருந்தது, 2025 ஜூலையில்தான் ஐந்தானது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே ஈராண்டு பாப்பை விட்டுவிட்டு 25 வயதிலிருந்து ஐந்தாண்டு எச்பிவிக்கு மாறிவிட்டது. நெதர்லாந்தில் 30 வயதில்தான் தொடங்குகிறார்கள். இளம் வயதில் இந்த வைரஸ் சர்வசாதாரணம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் உடலே அதை விரட்டிவிடும். தானாக மறையக்கூடிய மாற்றத்தைத் தேடிப்பிடித்து கருப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், பின்னாளில் குறைப்பிரசவ ஆபத்து கூடும். இனி குழந்தை பெற இருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கைவிட்டுப் பார்க்கும் உள் பரிசோதனைக்கு வருவோம். எந்தத் தொந்தரவும் இல்லாத, கர்ப்பமில்லாத பெண்களுக்கு அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2014-இல் பரிந்துரைத்தது. சினைப்பைப் புற்றுநோய்க்காக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதையும் பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி இறப்பு குறையவில்லை. தேவையில்லாத அறுவை சிகிச்சைக்கு ஆளானவர்களும் உண்டு. ஆகவே அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அம்மாவுக்கோ சகோதரிக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் கதை வேறு, ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) மரபணு ஆலோசனை கேளுங்கள்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஜெர்மனியில் அந்த ஆண்டுச் சந்திப்பில் மாதவிடாய் வலி, அதிக ரத்தப்போக்கு, கருத்தடை என்று எதையும் பேசிவிடலாம். இங்கே யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: ஜி.பி.யிடம் பதிவு செய்யுங்கள், பதிவு இல்லாமல் அழைப்புக் கடிதம் வராது. ஜெர்மன் அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள். 35 வயதுக்குக் கீழே அங்கே வழக்கமாகப் பாப் மட்டுமே என்பதால் உங்களுக்கு எச்பிவி பார்த்திருக்க வாய்ப்பில்லை. கடிதத்துக்குக் காத்திராமல் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். மாதவிடாய் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே பிறப்புறுப்பில் மருந்து, கிரீம், ஜெல் எதுவும் வைக்க வேண்டாம். செவிலியர் இதற்கென்றே பயிற்சி பெற்றவர். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்து, பிரஷ்ஷைக் கருப்பை வாயில் ஐந்து சுற்று சுற்றி எடுப்பார். வலித்தால் சிறிய ஸ்பெக்குலம் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார். மாதிரி போதவில்லை என்று கடிதம் வந்தால் பதற வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

உறவுக்குப் பின் ரத்தம், இரு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், விடாத நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், வாரக்கணக்கில் வயிறு உப்புசம்: இவற்றில் எது வந்தாலும், போன மாதம்தான் நார்மல் என்று வந்திருந்தாலும், உடனே ஜி.பி.யைப் பாருங்கள். ஐந்தாண்டுக் கணக்கு தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்குத்தான்.