கணினிக் கேள்வி பதில்: உபுண்டுவில் சரி, விண்டோஸில் பிழை

கேள்வி: எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் காலபோக நெல் விற்பனைக் கணக்குக்காக, வீட்டிலுள்ள உபுண்டு மடிக்கணினியில் சி++ மொழியில் ஒரு செய்நிரல் எழுதினேன். தொகுத்த (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றிய) கோப்பைப் பென்ட்ரைவில் கொண்டுபோனபோது அமைப்பின் விண்டோஸ் கணினியில் அது திறக்கவில்லை. மூலக்கோப்பை அங்கேயே ஜிசிசி என்ற தொகுப்பி கொண்டு தொகுத்ததும் இயங்கியது. ஆனால் மொத்தத் தொகை மறை எண்ணாக வந்தது. வீட்டில் அதே தரவுக்குச் சரியான விடை வருகிறது. தொகைகளைச் சதத்தில், லோங் என்ற முழு எண் வகையில் வைத்திருக்கிறேன். பிழை எங்கே? ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த்தான் தொகுக்க வேண்டுமா?
— உயர்தர மாணவி, பரந்தன்

பதில்: உங்கள் கூட்டலில் பிழை இல்லை, பிழை லோங் என்ற சொல்லில் இருக்கிறது. உபுண்டு போன்ற 64 பிட் லினக்ஸில் லோங் 8 பைட் இடம் கொள்ளும். விண்டோஸிலோ, பழைய 32 பிட் செய்நிரல்களுடனான பொருத்தம் கெடாதிருப்பதற்காக, 64 பிட் முறைமையிலும் அதை 4 பைட்டாகவே வைத்திருக்கிறார்கள். மறை எண்களையும் கொள்ளும் 4 பைட் லோங்கில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. நீங்கள் சதத்தில் கணக்கு வைப்பதால் அது 21,474,836 ரூபாய் 47 சதம் ஆகிறது. ஒரு போகத்து விற்பனை முழுவதையும் கூட்டும்போது அந்த எல்லையைத் தாண்டுவது எளிது, தாண்டியதும் எண் மறைப் பக்கத்துக்குப் புரண்டுவிடுகிறது. லோங் வரும் இடங்களிலெல்லாம் இன்ட்64_டி என்ற வகையை இடுங்கள். எந்த முறைமையிலும் அது 8 பைட்தான். பணத்தைத் தசமத்தில் வைக்காமல் சதத்தில் முழு எண்ணாக வைத்தது மிக நல்ல முடிவு, அதை மாற்றவேண்டாம்.

முதலில் கொண்டுபோன கோப்பு திறக்காததற்குக் காரணம் வேறு. இரண்டு கணினிகளின் செயலியும் ஒரே வகையாக இருந்தாலும், லினக்ஸ் தன் இயங்கு கோப்புகளை ஈஎல்எஃப் என்ற வடிவத்திலும் விண்டோஸ் பிஈ என்ற வடிவத்திலும் எதிர்பார்க்கின்றன. இரண்டும் அழைக்கும் நூலகங்களும் வேறு. ஆனால் அதற்காக நீங்கள் அலையத் தேவையில்லை. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலில் வெளியிட்ட ஜிசிசி, தான் இயங்கும் முறைமைக்கு மட்டுமன்றி வேறொரு முறைமைக்கும் கோப்பு ஆக்கித் தரும் வகையில் அமைக்கக்கூடியது. விண்டோஸுக்கென அவ்வாறு அமைத்த பொதிதான் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து இலவசமாக நிறுவலாம். தொகுக்கும்போது, நூலகத்தையும் கோப்புக்குள்ளேயே அடக்கும் ஸ்டாட்டிக் தெரிவைச் சேர்க்க மறவாதீர்கள்; இல்லையேல் சி++ நூலகத்தின் டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று அங்குள்ள கணினி முறையிடும். லினக்ஸில் விண்டோஸ் செய்நிரல்களை ஓட்டும் வைன் மென்பொருளில் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆயினும் மற்றவர்களின் பணக் கணக்கு என்பதால், உண்மையான விண்டோஸ் கணினியில் பழைய போகத்துத் தரவைக் கொண்டு ஒருமுறை சரிபார்த்த பின்னரே கையளியுங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04இல் தொகுத்த சி செய்நிரல், பாடசாலை ஆய்வுகூடத்தின் உபுண்டு 18.04 கணினிகளில் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று நின்றுவிடுகிறது. இரண்டும் லினக்ஸ் அல்லவா?
— ஆசிரியர், மாங்குளம்

பதில்: ஜிலிப்சி என்பது லினக்ஸ் செய்நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படைச் சி நூலகம். 18.04இல் உள்ளது அதன் 2.27 பதிப்பு, 22.04இல் உள்ளது 2.35; உங்கள் கோப்பு குறைந்தது 2.34ஐ எதிர்பார்க்கிறது. பழைய ஜிலிப்சியை நம்பித் தொகுத்த கோப்பு புதியதில் ஓடும், புதியதை நம்பித் தொகுத்தது பழையதில் ஓடாது. ஆகவே உங்களிடமுள்ள கணினிகளில் மிகப் பழைய உபுண்டு எதில் இருக்கிறதோ, அதிலேயே தொகுத்து மற்றவற்றுக்குப் பிரதி எடுங்கள்.