போலந்தில் ஈஸ்டர்: கூப்பிட்ட வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் போலந்தில், கிராக்கோவ் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கூடப் படிக்கும் தோழி, 2026 ஈஸ்டருக்குத் தார்னூவ் அருகில் இருக்கும் தன் கிராமத்து வீட்டுக்கு வரச் சொல்கிறாள். பெரிய வெள்ளி தொடங்கித் திங்கள்வரை நான்கு நாள். அவள் அம்மா, அப்பா, பாட்டி மூவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நான் சைவம். கேக் சாப்பிடுவேன், ஆனால் முட்டையை முட்டையாகச் சாப்பிட மாட்டேன். "அவங்க பண்டிகை அன்னிக்குப் போய் நின்னு சிரமம் குடுக்காதே" என்கிறார் என் அம்மா. சர்ச்சுக்கும் போக வேண்டியிருக்குமே என்று எனக்கும் தயக்கம். போகாவிட்டால் அந்த நான்கு நாளும் ஹாஸ்டலில் தனியாகத்தான் இருக்க வேண்டும். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கிராக்கோவ்

அன்பு மகளுக்கு,

போயிட்டு வா. போலந்தில் ஈஸ்டர் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. தெருவில் பெரிய கொண்டாட்டம் எதுவும் இருக்காது, சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் எல்லாமே. அந்த மேசைக்கு வெளியாள் ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்றால், வீட்டில் எல்லாரும் பேசித்தான் கூப்பிட்டிருப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடவுளே வந்த மாதிரி என்று அந்த ஊர்ப் பழமொழி ஒன்றே இருக்கிறது. உன் அம்மாவின் கவலையும் நியாயமானதுதான். அந்தச் சிரமம் வராமல் பார்த்துக்கொள்வது உன் கையில் இருக்கிறது. அதில் முக்கால்வாசி, சாப்பாட்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதில் முடிந்துவிடும்.

"நான் மாமிசம் சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் அங்கே போதாது. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர்களும் மாமிசம் தொடுவதில்லை, ஆனால் மீன் சாப்பிடுவார்கள். அதனால் மாமிசம் வேண்டாம் என்றவளுக்கு ஆசையாக ஹெர்ரிங் மீனை எடுத்து வைப்பார்கள், அவர்கள் வழக்கப்படி அது சரியும்கூட. ஆகவே மாமிசம், மீன், முட்டை, இவை வெந்த தண்ணீர் என நான்கையும் தனித்தனியாகச் சொல். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். ஈஸ்டர் காலையில் வைக்கும் 'ஜூரெக்' என்ற சூப் கோதுமை மாதிரியான ரை தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. வாசனையே நம்மை இழுக்கும், ஆனால் பெரும்பாலும் சாசேஜ் வெந்த தண்ணீரில்தான் அதைக் கொதிக்கவைப்பார்கள், மேலே வேகவைத்த முட்டையும் மிதக்கும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த 'பியெரோகி' கொழுக்கட்டை உனக்குப் பிடிக்கும், அதன்மேல் தூவும் வெங்காய வறுவலில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். இதை எல்லாம் தோழியிடம் போலிஷ் மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, இரண்டு வாரம் முன்னாலேயே அவள் அம்மாவுக்கு அனுப்பிவிடச் சொல். சமைப்பவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் உனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக வைத்துவிடுவார். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் மனசு கஷ்டப்படும்.

ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பீட்ரூட்டோடு துருவிய காரமான குதிரைமுள்ளங்கி, ஊறுகாய் வெள்ளரி, கேக் வகைகள் என்று உனக்கு நிறையவே இருக்கும். பட்டினி கிடக்க மாட்டாய்.

அடுத்து, முட்டை. ஞாயிறு காலை, சாப்பாடு தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. முந்தின நாள் சர்ச்சில் மந்திரித்து வந்த முட்டையை வீட்டுப் பெரியவர் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். ஆளுக்கொரு துண்டு எடுத்து, ஒருவர் முகம் பார்த்து ஒருவர் வாழ்த்துவார்கள். உடம்பு நல்லா இருக்கணும், படிப்பு நல்லா முடியணும், அடுத்த வருஷமும் எல்லாரும் இந்த மேசையில் இருக்கணும் என்று. அந்த வீட்டுக்கு அந்த நாளின் உயிரே அதில்தான் இருக்கிறது. நீ அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடாதே. சாப்பிட மாட்டாய் என்பது முன்பே தெரிந்திருந்தால், துண்டைக் கையில் வாங்கி, வாழ்த்தைச் சொல்லி, வாழ்த்தை வாங்கி, பக்கத்தில் நிற்கும் தோழியிடம் கொடுத்துவிடலாம். அல்லது உனக்கு மட்டும் மந்திரித்த ரொட்டித் துண்டு தரச் சொல்லிக் கேட்கலாம், கூடையில் ரொட்டியும் இருக்கும். யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் சுருட்டி மறைப்பது மட்டும் வேண்டாம், மந்திரித்த பொருளைக் குப்பையில் போடுவது அவர்களை ரொம்பப் புண்படுத்தும்.

அந்தக் கூடையைப் பற்றியும் சொல்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு கூடை சர்ச்சுக்குப் போகும். ரொட்டி, முட்டை, உப்பு, சாசேஜ், குதிரைமுள்ளங்கி, ஒரு துண்டு கேக், வெண்ணெயிலோ சர்க்கரையிலோ செய்த சின்ன ஆட்டுக்குட்டி. மேலே பூவேலை செய்த வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சை இலைக்கொத்து. பாதிரியார் வரிசையாக வைத்த கூடைகள்மேல் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். சின்னப் பிள்ளைகள் தங்களுக்கென்று குட்டிக் கூடை தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இதற்குக் கட்டாயம் போ.

சர்ச் பற்றிய உன் தயக்கத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? வேளாங்கண்ணிக்கு உங்கள் ஊரிலிருந்து மதம் பார்க்காமல் எத்தனை குடும்பங்கள் போகின்றன! அங்கே போய் நின்றதால் யாருடைய சாமியும் கோபித்துக்கொண்டதில்லை. பூசையின்போது அவர்கள் எழுந்தால் நீயும் எழுந்து நில், மண்டியிடும்போது நீ உட்கார்ந்தே இருக்கலாம். நற்கருணை வாங்க வரிசை கிளம்பும்போது மட்டும் இடத்தைவிட்டு எழாதே, அது கத்தோலிக்கர்களுக்கு உரியது. நீ போகாததை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஞாயிறு விடிகாலை பூசை பல ஊர்களில் 6 மணிக்கு, மணி முழங்க சர்ச்சைச் சுற்றிப் பவனி வருவார்கள். குளிராக இருக்கும், நல்ல ஷூவும் கோட்டும் போட்டுக்கொள். வெள்ளி, சனிக்கிழமைகளில் சர்ச்சில் இயேசுவின் கல்லறை ஒன்றை அலங்கரித்து வைத்திருப்பார்கள், கிராமங்களில் தீயணைப்பு வீரர்கள் சீருடையில் அதற்குக் காவல் நிற்பார்கள். அங்கே போனை எடுக்காதே. சர்ச்சே வேண்டாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. "நான் வீட்டில் இருந்து மேசையைத் தயார் பண்ணட்டுமா?" என்று கேள்.

மொழி தெரியாத வீட்டில் வாயால் பழக முடியாது, கையால் பழகலாம். வெள்ளியும் சனியும் அடுப்படியில் வேலை ஓயாது. வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு சாலட் செய்வார்கள். நறுக்க ஆள் கிடைத்தால் பாட்டிக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. (அதிலும் முட்டை சேரும், சேர்ப்பதற்கு முன் உனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்.) வெங்காயத் தோலைச் சேர்த்து வைத்து, அதைக் கொதிக்கவைத்த தண்ணீரில் முட்டையை வேகவைப்பார்கள். ஓடு செம்பழுப்பாக மாறிவிடும். கத்தி முனையால் அதைச் சுரண்டினால் வெள்ளைக் கோடாகக் கோலம் விழும். தொடுவதில் உனக்குத் தயக்கம் இல்லை என்றால் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிக்குக்கோலம் சுரண்டிக் காட்டு. இந்த வேலைகளுக்கு இங்கிலீஷ் எதற்கு? தோழியின் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது முன்னால் 'பானி' சேர்த்துக்கொள், அதுதான் அங்கே மரியாதை. 'வெசோவிக் ஷ்வியோந்த்' என்ற வாழ்த்தைத் தோழியிடம் கேட்டு நாக்கில் பழக்கிக்கொள்.

திங்கள் காலை ஜாக்கிரதை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். நம் கிராமத்துத் திருவிழாவில் முறைப்பிள்ளைமேல் மஞ்சத்தண்ணி ஊற்றுகிற மாதிரி, அங்கே பையன்கள் பெண்கள்மேல் வாளியோடு வருவார்கள். இப்போது யார் மேலும் யாரும் ஊற்றுவார்கள், தூங்கி எழும்போதே நனையலாம். பிடித்தால் நீயும் ஒரு பாட்டிலை நிரப்பி வைத்துக்கொண்டு படு. பிடிக்காவிட்டால் முந்தின இரவே தோழியிடம் சொல்லிவிடு, வீட்டில் இருப்பவர்கள் நாலு சொட்டு தெளிப்பதோடு விட்டுவிடுவார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே நல்ல குளிர், ஈரத்தோடு நிற்காதே. மாற்றுத்துணி ஒரு செட் கூடுதலாக எடுத்துப் போ.

வெறுங்கையோடு போகாதே. பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்கு, இரட்டைப்படை அங்கே சாவு வீட்டுக்கு. கிரிஸாந்திமம் வேண்டவே வேண்டாம், அது கல்லறைப் பூ. பூவோடு உன் கையால் செய்த ரவா லட்டு ஒரு டப்பா. அங்கே ரவையை 'காஷா மன்னா' என்று எந்தக் கடையிலும் விற்பார்கள், நெய்க்கு அந்த ஊர் வெண்ணெயையே உருக்கிக்கொள். நாலு நாளும் கெடாது, வீட்டுக்காரர்கள் அடுப்பை உன்னிடம் விட்டுத்தர வேண்டியதும் இல்லை. எல்லாவற்றையும் வியாழனுக்குள் வாங்கி முடித்துவிடு. சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கடைகளை மூடினால் பிறகு செவ்வாய்தான். திங்கள் மாலை ரயிலில் கூட்டம் நெரியும், திரும்பும் டிக்கெட்டை இப்போதே எடு. செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு, வீட்டுக்குள் போட ஒரு ஜோடி எடுத்துப் போனால் நல்லது.

அம்மாவிடம் ஞாயிறு காலை வீடியோ காலில் பேசு. பாட்டியைக் காட்டு, மேசையைக் காட்டு. இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொள்ளட்டும்.

2026-ல் ஈஸ்டர் ஏப்ரல் 5, நம் புத்தாண்டு ஏப்ரல் 14. அன்றைக்குத் தோழியை உன் ஹாஸ்டலுக்குச் சாப்பிடக் கூப்பிடு. மாங்காய் கிடைக்காவிட்டால் புளிப்பு ஆப்பிளில் வெல்லம் போட்டுப் பச்சடி செய்யலாம். வெல்லமும் கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரை. வேப்பம்பூ கைவசம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.